கடைசிச் சீட்டுக்குக் கட்டுவதா, சும்மா விடுவதா

ஊசி மருந்துப் புட்டிகளின் வாயில் அலுமினிய வளையத்துக்கு மேலே ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். கட்டைவிரலால் நெம்பினால் டிக்கென்று தெறித்து வந்துவிடும். எங்கள் டயாலிசிஸ் அறையில் அப்படித் தெறிக்கும் மூடிகளுக்குக் கணக்கே இல்லை. பச்சை, நீலம், சிவப்பு, அபூர்வமாகக் கத்தரிப்பூ நிறம். அவற்றைக் குப்பையில் போடாமல் கழுவித் துடைத்து, நிறம் நிறமாகப் பிரித்து ஒரு எவர்சில்வர் தட்டில் சேர்த்துவைத்த காலம் ஒன்று இருந்தது. காலையில் ஊசி போட்டு இயந்திரத்தை ஓடவிட்ட பிறகு அந்தத் தட்டைக் கொண்டுபோய் வைப்பேன். பிரான்ஸ் அம்மா வலது கையால் மூடிகளை ஒருமுறை அளைந்துவிட்டு, "போன், ஆரம்பிக்கலாமா?" என்பார். 'போன்' என்றால் பிரெஞ்சில் 'சரி'. இடது கை தலையணைமேல் அப்படியே கிடக்கும். அதில்தான் ரத்தம் போக ஒரு குழாய், வர ஒரு குழாய்.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். நர்ஸ் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் சிஸ்டர்தான். காட்டேரிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வில்லியனூர் ரோட்டிலுள்ள இந்தச் சிறிய ஆஸ்பத்திரிக்கு வந்துபோய்க்கொண்டு, என் வேலையையே பல வருஷம் ஊசி, குழாய், அலாரம் என்று மட்டும் நினைத்திருந்தேன். மனிதர்கள் ஒரு முடிவை எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற வேலையும் இதுதான் என்று எனக்குக் காட்டியது அந்த மூன்று கட்டில்களும் அவற்றுக்கு நடுவே ஓடிய சீட்டாட்டமும்.

ஜன்னலோரக் கட்டிலில் பிரான்ஸ் அம்மா. பாகூர்ப் பக்கத்து ஊர்க்காரர். புருஷன் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர். கல்யாணமானதும் அவரோடு போய், அங்கேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, அவர் இறந்த பிறகு சொந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று திரும்பி வந்தவர். ஒரே மகள் அங்கேயே வேலையில் இருந்தாள். அவர் தமிழ் அவர் ஊரைவிட்டுப் போன வருஷத்துத் தமிழ். இடையிடையே இரண்டொரு பிரெஞ்சு வார்த்தை விழும். நடுக் கட்டிலில் ஏம்பலத்துக் கரும்பு விவசாயி ஒருவர். எதற்கும் பயப்படுகிற, நல்ல மனிதர். சுவரோரம் திருபுவனை வழித்தடத்தில் ஓடும் தனியார் பஸ் ஒன்றின் கண்டக்டர். மூன்று பேரும் ஒரே ஷிஃப்ட். வாரத்தில் மூன்று காலைகள், ஒவ்வொரு காலையும் நான்கு மணி நேரம்.

முதலில் ரம்மிதான் ஆடிப் பார்த்தார்கள். கண்டக்டர் அண்ணன்தான் சீட்டுக்கட்டைக் கொண்டுவந்தார். ஆனால் அசைக்கக்கூடாத கை ஒன்று, மீதி ஒரே கை. அதில் பதின்மூன்று சீட்டை விசிறி மாதிரி பிடிக்க முடியுமா? சீட்டெல்லாம் போர்வைமேல் சரிந்தது. ஒருவர் சீட்டை மற்றவர் பார்த்துவிட்டு சண்டை வேறு. அப்போதுதான் பிரான்ஸ் அம்மா, "ரெண்டே ரெண்டு சீட்டு வச்சு ஒரு ஆட்டம் இருக்குது, ஆடுவமா?" என்றார். சிப்பாய்க் குடியிருப்பில் பல தேசத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் ஆடுவார்களாம். அவர் பிரெஞ்சு பேசக் கற்றதே அந்த மேசையில்தான். ஆட்டத்தின் பெயர் போக்கர்.

டாக்டர் முதலில் முடியவே முடியாது என்றார். சூதாட்டம் என்பதற்காக இல்லை. காசு வைத்து ஆடவில்லை என்று அவருக்குத் தெரியும். ரத்தக் கொதிப்பு ஏறினால் என்ன செய்வது என்பதுதான் அவர் கவலை. "ஒருத்தர் எல்லாத்தையும் தூக்கி வைக்கிறது, இன்னொருத்தர் நெஞ்ச புடிச்சுக்கிறது, அதெல்லாம் இங்க வேணாம்" என்றார். பிரான்ஸ் அம்மா சிரித்தார். அவர்கள் ஆடியதே வரம்பு வைத்த ஆட்டமாம். முதல் இரண்டு சுற்றில் ஒரு மூடி, பின் இரண்டு சுற்றில் இரண்டு மூடி. அதற்கு மேல் யாரும் ஒரேயடியாக வைக்க முடியாது. டாக்டர் யோசித்துவிட்டுச் சரி என்றார். சீட்டைப் போட இரண்டு கை இருக்கிற ஒரே ஆள் நான் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது.

ஆட்டம் எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. கையிலிருப்பதையும் நடுவிலிருப்பதையும் சேர்த்து யாருடையது உயர்ந்ததோ அவருக்கே குவிந்த மூடிகள். கைக்குச் சீட்டு வந்ததும் ஒரு சுற்று, பிறகு நடுவில் ஒவ்வொரு முறை சீட்டு திறந்த பிறகும் ஒரு சுற்று. மூடி வைப்பதைக் 'கட்டுவது' என்றார்கள். வைக்காமல் அடுத்தவரிடம் தள்ளுவது 'சும்மா'. ஒருவர் கட்டியதற்குத் தானும் அதே அளவு வைத்தால் 'வரேன்'. சீட்டைக் கவிழ்த்துவிட்டால் 'போறேன்'. கண்டக்டர் அண்ணனுக்கு இந்தக் கடைசி இரண்டும் பிடித்துப்போனது. "பஸ்ஸு மாதிரிதான் சிஸ்டர், ஏறுறவன் ஏறுவான், எறங்குறவன் எறங்குவான்" என்பார்.

ஒருநாள் நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. பிரான்ஸ் அம்மா முதலிலேயே கவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ராஜா, ஒன்பது, நாலு, இரண்டு. கரும்புக்காரர் கையிலும் ஒரு ராஜா. ராஜா ஜோடி சேர்ந்த சந்தோஷத்தில் ஒவ்வொரு சுற்றும் கட்டிக்கொண்டே வந்தார். கண்டக்டர் அண்ணனும் விடாமல் வந்தார். மூடிகள் குவிந்துவிட்டன. கடைசிச் சீட்டைத் திறந்தேன். ஏஸ். கரும்புக்காரர் முகம் விழுந்துவிட்டது. "சும்மா" என்றார் குரலே எழாமல். கண்டக்டர் அண்ணனும் "சும்மா" என்றார். திறந்து பார்த்தால் அவரிடம் வெறும் ஒன்பது ஜோடி. கரும்புக்காரர்தான் ஜெயித்தார். சந்தோஷமாக மூடிகளை ஒரு கையால் வாரிக்கொண்டிருந்தவரிடம் பிரான்ஸ் அம்மா கேட்டார்:

"கடைசில ஏன் தம்பி கட்டல?"

"ஏஸு வந்துட்டுதேமா. அவரு ஏஸு வச்சிருந்தா இன்னா பண்றது?"

"அவரு ஒம்போது வச்சிருந்தாரு. கண்டக்டரே, தம்பி கட்டியிருந்தா நீ வந்திருப்பியா?"

"பின்ன? அவ்ளோ மூடி நடுவுல கெடக்குது. ரெண்டு மூடிக்காக வுட்டுட்டுப் போவாங்களா? இன்னாதான் வச்சிருக்காருன்னு பாக்கவாச்சும் வந்திருப்பேன்."

"அப்ப நீ ரெண்டு மூடி தோத்துட்ட தம்பி."

"ஜெயிச்சேன்மா!" என்று தட்டைக் காட்டினார் அவர்.

"ஜெயிச்சதுக்குள்ளயே தோத்துட்ட. கட்டித் தோத்தா எல்லாருக்கும் தெரியுது. கட்டாம தோத்தது யாருக்கும் தெரியறதில்ல. ஒனக்கே தெரியல பாரு."

கரும்புக்காரர் அன்று வீட்டுக்குப் போகும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தார். எடைக்கருவியில் ஏறி நின்றபடி, "ஜெயிச்சிட்டு எப்டி சிஸ்டர் தோப்பாங்க?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அது புரிய நாளாயிற்று.

பிரான்ஸ் அம்மா எப்போதும் கட்டுகிறவர் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒருமுறை அவரிடம் ஏஸ் ஜோடி இருந்தது. நடுவில் விழுந்த ஐந்தில் நாலு ஆட்டின்; அம்மா கையில் ஆட்டின் இல்லை, ஒரே ஒரு ஆட்டின் வைத்திருப்பவருக்குக்கூட ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்து ஏஸ் ஜோடியை அடித்துவிடும். கடைசிச் சீட்டுக்கு அவர் சும்மா என்று விட்டுவிட்டார். கண்டக்டர் அண்ணன் கேலி செய்தார். அம்மா பொறுமையாகச் சொன்னார்: "இப்ப நான் கட்டினா யாரு வருவா? ஆட்டின் வச்சிருக்கறவன் வருவான். இல்லாதவன் போயிடுவான். வரவன் எல்லாம் என்ன அடிக்கறவன். அப்புறம் எதுக்குக் கட்டணும்?" அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி எப்போதும் ஒன்றுதான். என் சீட்டு நல்ல சீட்டா என்பதல்ல. நான் கட்டினால் யார் வருவார்கள் என்பது. என்னைவிடக் குறைந்த சீட்டோடு வருகிறவர்கள் அதிகமா, மேலான சீட்டோடு வருகிறவர்கள் அதிகமா? முதல் வகை அதிகமென்றால் பயமாக இருந்தாலும் கட்டு. இல்லையென்றால் ஆசையாக இருந்தாலும் கையை மடக்கு. இதைக் கேட்க எளிதாக இருக்கும். கடைசிச் சீட்டு விழுந்த அந்த நிமிஷத்தில் எதிராளியின் கண்ணால் தன்னைப் பார்ப்பது அத்தனை எளிதில்லை என்பதை நான் தினமும் பார்த்தேன்.

கரும்புக்காரருக்கு இதயக் கோளாறும் இருந்ததால் விரலில் எப்போதும் ஒரு கிளிப் மாட்டியிருப்போம். நாடித்துடிப்பு தலைக்கு மேலே திரையில் ஓடும். கண்டக்டர் அண்ணன் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பார்த்து ஆடத் தொடங்கினார். "துண்டு போட்டு மூடுங்க சிஸ்டர்" என்று கரும்புக்காரர் கெஞ்சினார். எப்படி மூடுவது? ஆனால் எனக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. சீட்டைப் போடும்போதெல்லாம் கவனித்தேன். அவருக்கு நல்ல சீட்டு வந்தால் துடிப்பு ஏறும் என்றுதான் கண்டக்டர் அண்ணன் கணக்குப் போட்டிருந்தார். அது தப்பு. கடைசிச் சீட்டு நல்லதோ கெட்டதோ, கட்டுவதா விடுவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்தாலே எண் எகிறும். சொல்லிவிட்டால் இறங்கிவிடும். அவரைப் படுத்தியது சீட்டு அல்ல, முடிவெடுப்பது. பிரான்ஸ் அம்மா இதை எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார் போலிருக்கிறது. அவர் அந்தத் திரையைப் பார்த்து நான் கண்டதே இல்லை.

அப்படி ஒரு காலையில், ஆட்டத்தின் நடுவே, கரும்புக்காரரின் போன் அடித்தது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து. விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம் கிடைக்கிறது, காத்திருப்போர் வரிசையில் முன்னால் இருப்பவர் ஒருவர், அடுத்து இவர், இருவருமே உடனே வந்து சேர வேண்டும் என்றார்கள். முதல் ஆளுக்குப் பொருந்தாவிட்டால் இவருக்கு. அவர் போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். தலைக்கு மேலே எண் ஏறிக்கொண்டே போனது.

அவர் ஏற்கெனவே ஒருமுறை இப்படிப் போனவர். ஊரே கோயிலில் விளக்கேற்றியது. பங்காளிகளெல்லாம் வேன் வைத்துக்கொண்டு கூடவே போனார்கள். பச்சைத் தண்ணீர் குடிக்காமல் ஒரு நாள் முழுக்கப் படுத்திருந்துவிட்டு, முன்னால் இருந்தவருக்கே பொருந்திவிட்டதால் திரும்பி வந்தார். ஆபரேஷன் ஆகாமல் வந்தவர் என்று டீக்கடையில் பார்க்கிறவர்களெல்லாம் விசாரித்தது அவருக்கு ஆறவே இல்லை.

"வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லிடறேன் சிஸ்டர்" என்றார். "முன்னால இருக்கறவன் சின்ன வயசுக்காரனாம். எனக்கா குடுக்கப் போறாங்க?"

கண்டக்டர் அண்ணனும், "அலைச்சல்தான் அண்ணே" என்றார்.

பிரான்ஸ் அம்மா கையிலிருந்த இரண்டு சீட்டையும் கவிழ்த்து வைத்தார். "போனா இன்னா தம்பி போவும்?"

"ஒரு நாள் போவும். பட்டினி கெடக்கணும். மறுபடியும் சும்மா வந்தன்னா ஊரு சிரிக்கும்மா."

"போவாம இருந்தா ஊரு சிரிக்காது. நீ இன்னா வுட்டேன்னு ஊருக்குத் தெரியாதில்ல. இந்தக் கட்டிலுக்கு வந்து படுத்துக்குன்னே இருப்ப, யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு நாளு பட்டினிப்பா. அவ்ளோதான் நீ வைக்கறது. அதுக்கு மேல ஒன்கிட்டேர்ந்து யாரும் கேக்கல."

நான் கரும்புக்காரரின் கிளிப்பைச் சரிசெய்கிற மாதிரி பக்கத்தில் போய் நின்றேன். உண்மையில் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்க்கத்தான். கொஞ்ச நேரம் கழித்து போனை எடுத்து, "வரேங்க" என்றார். சொன்ன கையோடு திரையில் எண் இறங்கியது. ஊரில் யாருக்கும் சொல்லாமல் மனைவியை மட்டும் வரச்சொன்னார். டயாலிசிஸை முடித்து, கட்டுப் போட்டு ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

முன்னால் இருந்தவருக்கு அன்று காய்ச்சல். சிறுநீரகம் இவருக்குக் கிடைத்தது. ஒரு வாரம் போல ஆன பிறகு எங்கள் அறைக்கு போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன். "சிஸ்டர், மூத்திரம் வருது! பக்கெட்டு பக்கெட்டா வருது!" என்று கத்தினார். வேறு எங்கேயாவது இப்படி ஒரு செய்திக்குக் கைதட்டியிருப்பார்களா தெரியாது. கண்டக்டர் அண்ணன் ஒரு கையால் தொடையில் தட்டினார். பிரான்ஸ் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கரும்புக்காரரைப் போகச் சொன்னவர், தனக்காக ஏன் எதுவும் செய்துகொள்ளவில்லை? அவர் மகள் தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருவதாகப் பலமுறை சொல்லியிருந்தாள் என்று எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் இவர் பேச்சை மாற்றிவிடுவார். ஒருநாள் ஊசியை எடுத்துவிட்டு, ரத்தம் நிற்பதற்காகப் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தபோது கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நான் கட்டினா யாரு வருவா சிஸ்டர்? என் பொண்ணு வருவா. அவ ஒருத்திதான் வருவா. என்கிட்ட இன்னா இருக்குன்னு பாக்காமயே வருவா. அவகிட்ட ஜெயிச்சு நான் இன்னா பண்றது?"

பஞ்சை இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மகள் விடுமுறைக்கு வந்தாள். அம்மாவின் முகம், தமிழ் மட்டும் கொஞ்சம் வழுக்கி வழுக்கி வரும். அம்மாவோடு எங்கள் அறைக்கு வந்து, கட்டிலோர நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கும் ரெண்டு போடுங்க சிஸ்டர்" என்றாள். கண்டக்டர் அண்ணன், அம்மா, மகள் என்று மூன்று பேருக்கும் போட்டேன். கண்டக்டர் அண்ணன் வழக்கம்போல் எல்லாவற்றுக்கும் வந்துகொண்டிருந்தார். கடைசிச் சீட்டைத் திறந்தேன். மகள் இரண்டு நீல மூடிகளை எடுத்து நடுவில் வைத்தாள். வைத்த விரலை எடுக்காமலே சொன்னாள்:

"அம்மா, நான் அங்க எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டேன். சேருது."

அம்மாவின் அசையக்கூடாத அந்த இடது கை அசைந்துவிட்டது. இயந்திரம் அலறியது. குழாயை நேராக்கி அலாரத்தை நிறுத்தினேன். கண்டக்டர் அண்ணன் சத்தமில்லாமல் தன் சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரு கேட்டா ஒன்ன?" என்றார் அம்மா.

"யாரும் கேக்கல. நான் கட்டிட்டேன். நீ வர்றியா, போறியா?"

"ஒனக்கு இன்னா வயசாவுது? ஒடம்புல ஒண்ண குறைச்சுக்கினு நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா?"

"நான் தோக்கறதா நீயா கணக்குப் போட்டுட்ட. என்னைக் கேட்டியா?" மகளின் விரல் இன்னும் மூடிகள்மேலேயே இருந்தது. "அம்மா இருக்கறது எனக்கு லாபம் இல்லியா?"

அம்மா நெடுநேரம் நடுவிலிருந்த ஐந்து சீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முடிவெடுக்க இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. யார் வருவார்கள் என்றே கணக்குப் போட்டுப் பழகியவர், முதல்முறையாக அந்தப் பக்கத்திலிருந்து தன்னிடம் வந்த கேள்விக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு தட்டிலிருந்து இரண்டு மூடிகளை எடுத்து வைத்தார்.

"நீ இன்னாதான் வச்சிருக்கேன்னு பாக்கறேன்."

மகள் திறந்தாள். ஒன்றுமே இல்லை. ஒரு மூணு, ஒரு எட்டு. நடுவிலிருந்த எதோடும் சேராத சீட்டு. அம்மாவிடம் சின்னதாக ஒரு ஜோடி இருந்தது.

"ஒண்ணுமே இல்லாமயா கட்டின?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணிலிருந்து நீரும் வழிந்தது.

"நீ வரணும்னுதான் கட்டினேன்" என்றாள் மகள்.

பொங்கல் முடிந்து அம்மா அவளோடு போனார். ஆபரேஷன் அங்கேயே நடந்தது; நன்றாக நடந்தது. ஆறு ஆண்டுகள் இருந்தார். பாகூர் வீட்டுக்குத் திரும்பி வரவேயில்லை. அவ்வப்போது போனில் கண்டக்டர் அண்ணனைக் கேட்பார்; அண்ணன் இறந்த பிறகு அவர் மனைவியைக் கேட்பார். போன குளிர்காலத்தில் நுரையீரல் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். மகள்தான் எனக்குச் சொன்னாள்.

எங்கள் அறை இப்போது பெரிதாகிவிட்டது. கட்டிலுக்குக் கட்டில் திரை; ஒவ்வொருவர் காதிலும் பாட்டு. யாரும் சீட்டு ஆடுவதில்லை. கரும்புக்காரர் நன்றாக இருக்கிறார். வில்லியனூருக்கு வந்தால் எட்டிப் பார்ப்பார். அம்மா இறந்த செய்தியைச் சொன்னபோது, "அவ்ளோ தூரம் போனதுக்கு அந்தம்மா சந்தோசமா இருந்துதா சிஸ்டர்? கேட்டீங்களா?" என்றார்.

நான் கேட்டிருக்கவில்லை. அவர் கேட்ட பிறகு எனக்கும் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. மறுநாள் மகளுக்கு போன் செய்தேன். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குத் தண்ணீர்கூட அளந்துதான். ஒரு நாள் முழுமைக்கும் சின்ன பாட்டிலில் பிடித்து வைத்து, வாயை நனைத்து நனைத்து ஓட்டுவார்கள். ஆபரேஷன் முடிந்த பிறகு ஒரு காலையில் அங்கே நர்ஸ் பெரிய கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, இவ்வளவும் குடிக்க வேண்டும் என்றாளாம். அம்மா நம்பவில்லை. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருக்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். பிறகு நிறுத்தாமல் ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டு, வாயைக்கூடத் துடைக்காமல் காலிக் குவளையை மகளிடம் நீட்டினாராம்.

"இன்னா ருசிடி" என்றாராம். "இன்னொண்ணு குடு."